பூவைப் பார்த்தோம், தோட்டக்காரரைப் பார்த்தோமா?

உயிர்ப்புப் பெருவிழா முடிந்து, பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் விட்டுவிட்டால், நம் பங்குகள் பலவற்றிலிருந்து வேன் பிடித்து உதகைக்குப் புறப்படுவது வழக்கம். இளையோர் குழு, மறைக்கல்வி ஆசிரியர்கள், அன்பியக் குடும்பங்கள், பாடகர் குழு என்று ஆளாளுக்கு ஒரு பயணம். காந்தல் குருசடியில் செபித்து, திருப்பலியில் பங்கேற்று, கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை முடித்ததும் அடுத்து எங்கே என்று யாரும் கேட்பதில்லை. தாவரவியல் பூங்காதான். (வேன் ஓட்டுநரிடம் 'பொட்டானிக்கல் கார்டன்' என்று சொன்னால்தான் உடனே புரியும்.)

வாயிலைத் தாண்டியதும் செல்போன்கள் வெளியே வருகின்றன. இரண்டு மணி நேரத்தில் இருநூறு படங்கள். அவற்றில் நூற்றைம்பதில் நாம் முன்னால் நிற்கிறோம், பூக்கள் பின்னால் மங்கலாக நிற்கின்றன. வீடு திரும்பிய பிறகு, "இது என்ன பூ?" என்று பாட்டி கேட்டால், "ஏதோ ஊட்டிப் பூ" என்பதுதான் பதில்.

படம் எடுப்பது தவறா? இல்லவே இல்லை. ஒரு மலரைப் பொறுமையாகப் படம் எடுப்பது நல்ல பழக்கம். அது செபத்துக்கு மிக அருகில் உள்ள பழக்கம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைப் பற்றியே இந்தச் சிந்தனை.

பனிக்குப் பின் வரும் பூக்கள்

சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். திருச்சபையின் பாஸ்கா காலத்து ஐம்பது நாட்களில் பெரும்பகுதி இந்த இளவேனிலில்தான் வருகிறது. மே மாதம் அன்னை மரியாவின் வணக்க மாதம். சமவெளியில் வெயில் கொளுத்தும் அதே நாட்களில் நீலகிரி மலையில் பூக்கள் விரிகின்றன. 'முதல் சீசன்' என்று உதகை மக்கள் சொல்வது இந்த ஏப்ரல், மே மாதங்களைத்தான்.

இந்தப் பூங்கா 1848ஆம் ஆண்டில் உருவாகத் தொடங்கியது. வில்லியம் கிரகாம் மெக்கைவர் என்ற தோட்டக்கலை வல்லுநர், தொட்டபெட்டா மலையின் சரிவில் இதைப் படிப்படியாக அமைத்தார். ஏறக்குறைய 22 ஹெக்டேர் பரப்பு. 1896ஆம் ஆண்டில் தொடங்கிய மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடைபெற்று வருகிறது. 2023இல் அதன் 125ஆவது கண்காட்சி நடந்தது. இன்று பூங்காவைத் தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை பராமரிக்கிறது. உள்ளே இத்தாலியப் பூங்கா என்றொரு பகுதி உண்டு. போர்க் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட இத்தாலியர்கள் அமைத்தது என்று அதைப் பற்றிச் சொல்கிறார்கள். சொந்த ஊரை விட்டு, சிறைப்பட்ட நாட்டில் உட்கார்ந்து மலர்ப்பாத்தி அமைத்தவர்களை நினைத்துக்கொண்டே அந்தப் பாத்திகளைப் பார்த்தால் அவை வேறு மாதிரித் தெரியும்.

மே மாதத்தில் நாம் காணும் இந்தப் பூக்களின் கதை மே மாதத்தில் தொடங்குவதில்லை. முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உதகையில் உறைபனி விழும். புல்தரை காலையில் வெள்ளைத் துணி விரித்ததுபோல் இருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் செடிகளுக்கு அது எமன். ஒரே இரவில் இலைகள் கருகிவிடும். ஆகவே பூங்காத் தொழிலாளர்கள் 'கோத்தகிரி மிலார்' என்னும் செடியை வெட்டிக் கொண்டுவந்து மலர்ப்பாத்திகளின்மேல் குடைபோல மூடி வைப்பார்கள். விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, படிந்த பனியைக் கரைப்பார்கள். அந்தக் குளிரில் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்து நிற்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கண்காட்சிக்கான விதைப்பும் நாற்று நடவும் டிசம்பர், ஜனவரி வாக்கிலேயே தொடங்கிவிடும். பிறகு நாற்றைத் தொட்டிக்கு மாற்றவேண்டும், களை எடுக்கவேண்டும், உரமிடவேண்டும், வாடிய மொட்டைக் கிள்ளவேண்டும். மே மாதம் நெருங்கும்போது ஆயிரக்கணக்கான தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து மாடங்களில் வரிசை பிசகாமல் அடுக்கவேண்டும்.

குளிர்காலம் போய்விட்டது, மழையும் ஓய்ந்துவிட்டது, நிலத்தில் பூக்கள் தோன்றிவிட்டன என்ற பொருளில் காதலன் காதலியை அழைக்கும் பகுதி இனிமைமிகு பாடலில் உண்டு (2:11-12). உதகைக்காரர்களுக்கு அந்த வசனத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. நமக்குத்தான் விளக்கவேண்டும்.

'கவனியுங்கள்' என்றால் என்ன?

மலர்களைப் பற்றி ஆண்டவர் இயேசு பேசியது மலைப்பொழிவில் (மத்தேயு 6:28-30). வயல்வெளி மலர்கள் எவ்வாறு வளர்கின்றன என்று கவனிக்கும்படி அவர் சொல்கிறார். அவை உழைப்பதில்லை, நூல் நூற்பதுமில்லை. ஆனாலும் சாலமோன் அரசர் தம் மேன்மையின் உச்சத்தில்கூட அவற்றில் ஒன்றைப்போல் உடுத்தியதில்லை என்கிறார்.

இந்தப் பகுதியைக் கேட்டவுடன் நாம் 'கவலைப்படாதே' என்ற பாடத்துக்குத் தாவிவிடுகிறோம். அதற்கு முன்னால் உள்ள கட்டளையைத் தாண்டிவிடுகிறோம். மத்தேயு நற்செய்தியில் அங்கே உள்ள கிரேக்க வினைச்சொல் 'கத்தமாத்தெத்தே'. வெறுமனே 'பாருங்கள்' என்பதல்ல அதன் பொருள். 'ஊன்றிக் கற்றுக்கொள்ளுங்கள்' என்பது அதற்கு நெருக்கமான பொருள். 'சீடர்' என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் வரும் 'மாத்தேத்தஸ்' என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. ஆக, இயேசு தம் சீடர்களைப் பூவினிடமும் சீடராக இருக்கச் சொல்கிறார் என்று கொள்ளலாம்.

அவர் காட்டிய பூ எது? நாம் பழக்கத்தில் லீலி என்கிறோம். கலிலேயாவின் குன்றுகளில் குளிர்மழைக்குப் பிறகு செக்கச் செவேலென்று விரியும் அனிமோன் மலராக இருக்கலாம் என்பது விவிலிய அறிஞர்கள் பலரின் கருத்து. அரசரின் உடைக்கு ஒப்பிடப் பொருத்தமான நிறம்தான். அதே நிலத்தில், பார்ப்பதற்கு அனிமோன் போலவே இருக்கும் இன்னொரு செம்மலரும் உண்டு. அதன் பெயர் ரெனன்குலஸ். அனிமோனும் அதுவும் ஒரே தாவரக் குடும்பம். இந்த ரெனன்குலசின் தோட்ட வகையை உதகைப் பூங்காவில் வளர்க்கிறார்கள். மெல்லிய காகிதத்தை மடித்து மடித்து அடுக்கியது போன்ற இதழ்கள். அடுத்த முறை அதன் முன்னால் நிற்க நேர்ந்தால், இயேசுவின் ஊர்க்காட்டுப் பூவின் உறவுக்காரர் இவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரே 'கிளிக்'கில் நகர்ந்துவிட மனம் வராது.

ஒரு பூவுக்கு ஐந்து நிமிடம்

சரி, எப்படி எடுப்பது? விலையுயர்ந்த கேமரா வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும். சில எளிய உண்மைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் வெளிச்சம். உச்சி வெயிலில் பூவின் ஒரு பாதி வெளுத்துப்போகும், மறு பாதி கறுத்துப்போகும். காலை இளவெயிலோ, மாலைச் சாய்வெயிலோ நல்லது. உதகையில் இன்னொரு வசதி உண்டு. திடீரென்று மேகம் இறங்கிக்கொள்ளும். உடனே நம்மவர்கள், "அய்யோ, வெளிச்சம் போச்சே" என்று கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவார்கள். அதுதான் எடுக்கவேண்டிய நேரம். மேகம் ஒரு பெரிய வெள்ளைத் துணியைப்போல் வெயிலைச் சலித்துக் கொடுக்கிறது. இதழின் நரம்புகூடத் தெரியும். பிளாஷ் போடவே வேண்டாம்.

அடுத்தது, நிறம் ஏன் மாறுகிறது என்பது. வெள்ளை லில்லியம் பூவை எடுத்தால் படத்தில் அது சாம்பல் பூத்து வருகிறது. கருஞ்சிவப்பு டேலியாவை எடுத்தால் இதழ்களே தெரியாமல் சிவப்புக் குங்குமத்தைக் கொட்டியதுபோல் வருகிறது. காரணம் இதுதான்: தன் முன்னால் இருப்பது எதுவாயினும் அது நடுத்தர வெளிச்சம் உள்ளது என்றே கேமரா எண்ணிக்கொள்கிறது. வெள்ளையைக் குறைக்கிறது, கறுப்பைக் கூட்டுகிறது. செல்போன் திரையில் பூவின்மீது விரலை வைத்துத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் ஒரு சிறிய சூரியன் குறி வரும். வெள்ளைப் பூவுக்கு அதைச் சற்று மேலே தள்ளுங்கள், அடர்சிவப்புப் பூவுக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள். பூ தன் நிறத்துக்குத் திரும்பும்.

மூன்றாவதாக, குனியவேண்டும். நின்ற உயரத்திலிருந்து எடுத்த எல்லாப் படமும் ஒரே மாதிரிதான் இருக்கும்: பூவின் உச்சந்தலையும் கொஞ்சம் மண்ணும். பூவின் மட்டத்துக்கு நம் முகம் இறங்கினால்தான் அதன் முகம் தெரியும். பேன்சிப் பூ தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அதை எடுக்க முழங்காலிடத்தான் வேண்டும். கோவிலில் முழங்காலிட முடியாமல் மூட்டுவலி என்று சொல்கிறவர்கள் பேன்சிப் பூவுக்கு முழங்காலிடுவதைப் பூங்காவில் காணலாம். (குறை சொல்லவில்லை. பூவுக்கு அந்த ஆற்றல் இருக்கிறது.) மிகவும் நெருங்கினால் படம் மங்கும். கொஞ்சம் பின்வாங்கி, இரு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் தெளிவாக வரும். லென்ஸ் மாற்றும் கேமரா வைத்திருப்பவர்கள் துவாரத்தை எஃப் 4 அளவில் திறந்து வைத்தால் பின்னணிக் கூட்டம் கரைந்துபோகும். காற்று அடித்தால் நொடியில் 250இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகம் தேவைப்படும்.

காற்றைப் பற்றி ஒரு சொல். மலையில் காற்று நிற்காது. பூ ஆடிக்கொண்டே இருக்கும். காத்திருக்கவேண்டும். ஆட்டம் ஓயும் ஒரு கணம் வரும். அந்தக் கணத்துக்காக மூன்று நிமிடம் காத்திருப்பவர் அந்த மூன்று நிமிடமும் பூவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மகரந்தத்தூளைக் காலில் ஒட்டிக்கொண்டு நகரும் தேனீயைப் பார்க்கிறார். இதழின் அடிப்பக்கம் வேறு நிறம் என்பதைக் கண்டுகொள்கிறார். படம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் பார்த்துவிட்டார்.

இந்தக் காத்திருப்பை அந்தக் காலத்துக் கேமராக்கள் கட்டாயமாக்கியிருந்தன. குழந்தை தெரசாவின் உடன்பிறந்த சகோதரி செலின், 1894ஆம் ஆண்டு லிசியே கார்மெல் மடத்தில் சேர்ந்தபோது தலைவியின் அனுமதியோடு ஒரு கேமராவையும் கொண்டுசென்றார். அக்காலத்தில் அது ஒரு புதுமை. படம் பதிய எல்லாரும் பல நொடிகள் அசையாமல் நிற்கவேண்டும். 'சிறுமலர்' என்று நாம் அழைக்கும் புனிதையின் உண்மையான முகம் இன்று நமக்குத் தெரிகிறது என்றால் அந்தக் கேமராதான் காரணம். அதே தெரசா தம் வாழ்க்கை வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் மலர்த்தோட்டத்தைப் பற்றி எழுதுகிறார். எல்லாப் பூவும் ரோஜாவாக இருக்க விரும்பினால் இயற்கை தன் இளவேனில் அழகையே இழந்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை. தோட்டத்தில் நின்று பார்த்தவருக்கு வரும் எண்ணம் அது.

கடைசியாக ஒன்று: பெயர்ப் பலகை. பூவை எடுக்கும் முன் பக்கத்தில் உள்ள பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை இல்லையென்றால் அங்கே வேலை செய்கிறவரிடம் கேளுங்கள். சால்வியா, பெட்டூனியா, சைக்ளமன், பிகோனியா. முதலில் நாக்கு புரளாது, இரண்டாம் முறை சரியாகிவிடும். ஏதேன் தோட்டத்தில் முதல் மனிதர் செய்ததாகத் தொடக்க நூல் (2:19-20) சொல்லும் வேலைகளில் ஒன்று, உயிர்களுக்குப் பெயரிடுவது. நாம் பெயரிடவேண்டியதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

படத்துக்குள் வராதவர்கள்

இனி, வருத்தத்தோடு சொல்லவேண்டிய ஒன்று.

நல்ல படம் வேண்டும் என்ற ஆசையில் பாத்தியின் கம்பியைத் தாண்டிக் கால் வைக்கிறார்கள். குழந்தையைத் தூக்கிப் பூக்களின் நடுவில் உட்கார வைக்கிறார்கள். கிளையை இழுத்து முகத்தோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுத்ததும் விட்டுவிடுகிறார்கள். தண்டு மடங்கித் தொங்குகிறது. ஒரு டேலியாவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு, படம் முடிந்ததும் புல்தரையில் போட்டுவிடுகிறார்கள். கழுத்தில் செபமாலையோடு வந்த குழுக்கள் இதற்கு விதிவிலக்கு என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்ல முடியவில்லை. ஒருவர் வைக்கும் ஒரு காலடி பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் சீசன் நாட்களில் மலைக்கு வரும் கூட்டம் சாதாரணமானதல்ல. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் செய்ததற்கு அந்த நெரிசல்தான் காரணம்.

அந்த மடங்கிய தண்டுக்குப் பின்னால் ஆறு மாத உழைப்பு இருக்கிறது. பூக்கள் உழைப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னது உண்மை. அது காட்டுப்பூக்களுக்கு. பூங்காவில் பூவுக்காக வேறு ஒருவர் உழைக்கிறார். தலையில் குல்லாய், ஸ்வெட்டர், கையில் மண் ஒட்டிய களைக்கொத்தோடு பாத்தியின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் அந்த அக்காவையோ அண்ணனையோ நாம் பார்க்கிறோமா? பார்க்கிறோம், படத்தில் குறுக்கே வருகிறாரே என்று. "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்கிறோம். அவரும் தள்ளிக்கொள்கிறார்.

யோவான் நற்செய்தி சொல்கிறது: இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது, அந்தத் தோட்டத்தில்தான் கல்லறை இருந்தது (19:41). உயிர்ப்பின் காலையில் மகதலா மரியா அங்கே அழுதுகொண்டு நிற்கிறார். பக்கத்தில் நிற்பவர் இயேசு என்று அவருக்குத் தெரியவில்லை. தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார். "மரியா" என்று பெயர் சொல்லி அழைத்த பிறகே அடையாளம் தெரிகிறது (20:11-16). உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டவர் அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினார். நமக்கோ தோட்டக்காரர் தோட்டக்காரராகக்கூடத் தெரிவதில்லை. மகதலா மரியா அந்தத் தோட்டக்காரரை 'ஐயா' என்று மரியாதையோடு விளித்தார் என்பதையும் கவனிக்கவேண்டும்.

எனவே ஒரு பழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். பூங்காவில் ஒரு தொழிலாளரிடமாவது நின்று பேசுங்கள். "இந்தப் பூ எப்போ விதைச்சது அண்ணா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் எந்தக் கையேட்டிலும் இருக்காது. அவரைப் படம் எடுக்க விரும்பினால் அனுமதி கேட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேலை செய்கிறவர் காட்சிப் பொருள் அல்ல.

இன்னொரு பரிந்துரை, கூட்டம் குறைவான இடத்துக்குப் போங்கள். மாடங்களுக்கு முன்னால் நெருக்கியடிக்கும் நேரத்தில் பூங்காவின் மேற்பகுதியில் ஆளிருக்காது. நடைபாதை ஓரத்தில், கல்லிடுக்கில், யாரும் விதைக்காத சின்னப் பூக்கள் இருக்கும். அசிசி நகர் புனித பிரான்சிஸ், துறவு இல்லத் தோட்டத்தின் ஒரு பகுதியைப் பண்படுத்தாமல் அப்படியே விட்டுவிடச் சொன்னார். காட்டுப்பூக்கள் தாமாக வளரட்டும், காண்கிறவர்கள் அவற்றைப் படைத்தவரை நினைக்கட்டும் என்பது அவர் எண்ணம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் (எண் 12) இதை நினைவுகூர்கிறார். இவ்வளவு சின்னப் பூவைப் படம் எடுப்பதுதான் மிகக் கடினம். காற்றும் விடாது, லென்சும் ஒத்துழைக்காது. முயன்று பாருங்கள். (நீலகிரியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். அந்தக் கல்லிடுக்குப் பூவின் பக்கத்தில் காலிப் பாட்டில் கிடக்கக்கூடாது.)

எடுத்த படத்தை என்ன செய்வது?

வாட்ஸ்அப்பில் நாற்பது படங்களை மொத்தமாக அனுப்பினால் யாரும் பார்ப்பதில்லை. அனுப்புகிறவர்களுக்கும் இது தெரியும்.

ஒவ்வொரு பங்கிலும் வீட்டைவிட்டு வெளியே வரமுடியாத முதியவர்களும் நோயுற்றோரும் இருக்கிறார்கள். திருப்பலிக்கே வர இயலாதவர்கள் உதகைக்கு எங்கே போவது? முதல் வெள்ளியில் பங்குத்தந்தையோ அருட்சகோதரியோ நற்கருணை கொண்டுசெல்லும் வீடுகளின் பட்டியல் பங்கு அலுவலகத்தில் இருக்கும். எடுத்த படங்களில் நன்றாக வந்த ஐந்தாறை மட்டும் ஸ்டுடியோவில் கொடுத்துத் தாளில் அச்சிட்டு, அந்த வீடுகளுக்குக் கொண்டுபோகலாம். வழக்கமான 4க்கு 6 அங்குல அளவைவிடச் சற்றுப் பெரிதாக, 6க்கு 8 அங்குலம் என்றால் வயதானவர்களுக்கு வசதி. ஒரு படத்தில் ஒரு பூ இருக்கட்டும். கூட்டமாக உள்ள பூக்கள் மங்கிய கண்ணுக்கு வெறும் நிறமாகத்தான் தெரியும். கொடுத்ததும் கிளம்பிவிடாமல், அவர்கள் வீட்டு முற்றத்தில் முன்பு என்ன பூ இருந்தது என்று கேளுங்கள். கனகாம்பரம், செம்பருத்தி, மாதா கெபிக்குப் பறித்த நந்தியாவட்டை என்று பேச்சு நீளும். படத்தின் பின்பக்கத்தில் பூவின் பெயரையும் எடுத்த தேதியையும் தமிழில், கண்ணாடி தேடாமல் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அதை வளர்த்தவரிடம் பேசியிருந்தால், அவர் சொன்னதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.